ஆற்றின் கடன்

ஆலைச் சுவரில் கடிகாரம்.
உடம்பு ஒன்று, முகம் இரண்டு.
மேல் முகத்தை ஊசல் நடத்தும்.
கீழ் முகத்தை
ஆறு சுழற்றும் சக்கரம்.
ஆறு சோம்பினால் கீழ் முகம் பிந்தும்.

வேலைக்கு வருவது மேல் முகத்தைப் பார்த்து.
வீட்டுக்குப் போவது கீழ் முகத்தைப் பார்த்து.
இந்த ஏற்பாட்டை யோசித்தவருக்குக்
கணக்கு நன்றாகவே வந்திருக்கிறது.

நான் எஃப்ராயிம் ஸ்லாக்,
இந்த டெர்பிஷர் பள்ளத்தாக்கில்
பஞ்சாலைக் கணக்குப்பிள்ளை.
யார் பிந்தினார், யார் ஜன்னலைத் திறந்தார்,
யார் இயந்திரத்தருகே விசிலடித்தார்,
ஒவ்வொன்றுக்கும் பேரேட்டில் ஒரு விலை.
விசிலுக்கு ஆறு பென்ஸ்.
எங்கள் ஊரில் இசைக்கு
அதற்கு முன் யாரும் அவ்வளவு தந்ததில்லை.

அந்தக் கோடையில் மழையே இல்லை.
ஆற்றுக்குள் கற்கள் முதுகு காட்டின.
வாத்துகள் நடந்தே அக்கரை போயின.
கீழ் முகம் நாளுக்கு நாற்பது நிமிடம் பிந்தியது.
கடன் பட்டது ஆறு,
அடைத்தது நாங்கள்,
மெழுகுவர்த்தி வெளிச்சத்தில்.

ஒரு வெள்ளிக்கிழமை.
மேலே ஏழு இருபத்தைந்து,
கீழே ஆறு நாற்பத்தைந்து.
தபிதா ஒல்லரன்ஷா வயிற்றைப் பிடித்தபடி
உதட்டை மட்டும் அசைத்தாள்.
இங்கே பெண்கள் பேசுவது அப்படித்தான்,
இரைச்சலுக்குக் காதைக் கொடுத்துவிட்டு
கண்ணால் கேட்பார்கள்.
அறுபதடி தள்ளி நின்ற டோர்கஸ்
அந்த உதட்டைப் படித்துவிட்டு ஓடினாள்.

பஞ்சு மூட்டைகளுக்குப் பின்னால்
பெண் குழந்தை.
வாய் திறந்திருந்தது.
அழுததா என்று யாருக்கும் தெரியாது.

மேற்பார்வையாளர் பிராம்வெல்
என் மேசையில் விரலை ஊன்றினார்:
"எழுது. வேலை நேரத்தில் இயந்திரத்தை விட்டகன்றது."
நான் மேல் முகத்தைக் காட்டினேன்:
"உலகத்தில் வேலை முடிந்துவிட்டது, ஐயா."
"நீ சம்பளம் வாங்குவது உலகத்திடமா?"

எழுதினேன்.
ஒரு ஷில்லிங்.

முன்பெல்லாம் பொழுது போகும்.
யாரும் தள்ள வேண்டியதில்லை, தானாகப் போகும்.
பசி அப்போதும் உண்டு,
அதற்கு மணி அடிக்கவில்லை, அவ்வளவே.
இப்போது பொழுது இல்லை, நேரம்.
நேரம் செலவாகிறது, மிச்சமாகிறது, வீணாகிறது.
சட்டைப்பை கிழிந்தவன்போல்
எல்லோரும் அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொள்கிறோம்.

லிவர்பூலிலிருந்து ஒரு கனவான் வந்தார்,
எங்கள் அறிவை வளர்க்க.
உழைப்பும் சந்தைச் சரக்குதான்,
முட்டையைப் போல, வெண்ணெயைப் போல என்றார்.
பின்வரிசையில் குழந்தையோடு தபிதா எழுந்தாள்:
"விற்காத முட்டையை நான் பொரித்துத் தின்பேன்.
விற்காத நாளை?"
கனவான் தண்ணீர் குடித்தார்.
நல்ல கேள்வி என்றார்.
தாளைத் திருப்பினார்.

அதே மாதம் ஓர் ஓவியர்
எதிர்மேட்டில் உட்கார்ந்து இரவு ஆலையை வரைந்தார்.
லண்டனில் நல்ல விலையாம்.
அச்சுப்படி ஒன்று அலுவலகத்துக்கும் வந்தது.
அழகுதான், பொய் சொல்ல மாட்டேன்.
கணக்குப்பிள்ளை புத்தி, ஜன்னல்களை எண்ணினேன்.
நூற்றுப் பதினேழு.
மூன்றாம் மாடி, இடமிருந்து ஐந்தாவது,
மஞ்சள் சாயம் ஒரு சொட்டு.
அந்தச் சொட்டுக்குப் பின்னால் தபிதா நிற்கிறாள்,
பால் கட்டிய மார்போடு,
அறுந்த இழையை முடிந்தபடி.

ஞானஸ்நானத்தில் பாதிரியார் கேட்டார்,
பிறந்தது எத்தனை மணிக்கு?
"எந்தக் கடிகாரத்தில்?" என்றாள்.
அவர் அந்த இடத்தை வெறுமையாக விட்டார்.

பிறகு மழை வந்தது.
மூன்று நாள் விடாத மழை.
ஆறு கரையேறிச் சக்கரத்தை விரட்ட,
கீழ் முகம் முதன்முறையாக முந்தியது,
பன்னிரண்டு நிமிடம்.
எல்லோரும் தலையுயர்த்திப் பார்த்தோம்.
டோர்கஸ் சால்வையைக்கூட எடுத்துவிட்டாள்.

அன்று மட்டும் பிராம்வெல்
மேல் முகத்தைப் பார்த்து மணியடித்தார்.

அந்தப் பன்னிரண்டு நிமிடத்தை எழுத
என் பேரேட்டில் கட்டம் இல்லை.
பேனாவை வைத்துவிட்டு
மெதுவாக விசிலடித்தேன்.
பிறகு என் பெயருக்கு நேராக
நானே எழுதினேன்,
ஆறு பென்ஸ்.